பேட்டரியைக் காக்க வந்த ஆப்

இன்று காலை சங்கரன்கோவிலில் ஒரு செல்போன் கடை. எனக்கு முன்னால் நின்றவர் விசைத்தறியில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி. முதல் ஸ்மார்ட்போன் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறதாம்.

கடைக்காரர் பார்த்தார். "கால் வந்தா லைட் மின்னுத ஆப் போட்டிருக்கியளே, அதான் சார்ஜைக் குடிக்கி. அழிச்சிருதேன்."

முத்துலட்சுமி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அதைத் தொடாதீய அண்ணாச்சி. தறிச் சத்தத்துல ரிங்கு எங்க கேக்கும்? எம்மவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கிடக்கா. லைட் அடிச்சாத்தான் எனக்குத் தெரியும்."

"அப்போ புது போன்தான் எடுக்கணும்."

"எடுக்க மாட்டேன்."

செட்டிங்ஸில் பேட்டரியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று அங்கே வரிசையாக இருக்கும். லைட் ஆப் கடைசியில் கிடந்தது. முதலிடத்தில், பேட்டரியை மிச்சப்படுத்தும் ஆப்!

"இதை யார் போட்டது?" என்றேன்.

முத்துலட்சுமி கடைக்காரரைக் கைகாட்டினார். "இவியதான். வாங்குன அன்னைக்கே போட்டுக் குடுத்தாவ."

முத்துலட்சுமி தன் விரலாலேயே அதை நீக்கினார்.

என் எண்ணை வாங்கிப் போயிருந்தவர், சாயங்காலம் கூப்பிட்டார். தறி ஓடும்போதே லைட் மின்னியதாம், பேத்தி பிறந்திருக்கிறாள். சார்ஜ் இன்னும் பாதி இருக்கிறதாம்.

உங்கள் போனில் முதலிடத்தில் உட்கார்ந்திருப்பது யார்? பார்த்துச் சொல்லுங்கள்.