சின்னக் கித்தாருக்கு நான் சொன்ன குறை

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ரெங்கம் கடைவீதியில் மணியம் அண்ணனின் வேனில் ஏறினேன். அவர் வாரம் ஒருமுறை ஜொகூர் பாருவுக்குப் போய்ப் பூ எடுத்து வந்து கடைகளுக்குப் போடுகிறவர். போகும்போது வேன் காலியாகத்தான் போகும், திரும்பும்போது பூவுக்கே இடம் பத்தாது. முன் இருக்கையில் இடம் கேட்டிருந்தேன்.

"கைய வீசிக்கிட்டு வர்றியே, திரும்பும்போது என்னம்மா தூக்கிட்டு வரப் போற?" என்றார்.

"கித்தார் அண்ணே. பழசுக்குக் கழுத்து வளைஞ்சு போச்சு. பதினேழு வருசம் ஆச்சுல்ல."

"எவ்ளோ லா அது?"

"தொள்ளாயிரம் ரிங்கிட்டுக்குள்ள பாக்கணும்."

"அலமாக்! என் வேனுக்கு நாலு டயரு வந்துரும்" என்று சிரித்தார்.

ரெங்கத்திலிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். லாயாங் லாயாங் வழியாகக் கூலாய்க்குப் போகும் பழைய பாதையில் சென்றோம். இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. பனி இன்னும் மட்டைகளிலிருந்து இறங்கவில்லை. குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்து போனது. நான் வேலை செய்யும் ஆலைக்குப் போகிற லாரிதான். அங்கே நான் அலுவலகக் கிராணி, கணக்கு எழுதுகிறவள். வார இறுதிகளில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் பாடுகிறோம். கித்தார் என்னுடையது. எனக்கு வயது நாற்பத்து மூன்று. பதினைந்து வயதிலிருந்து வாசிக்கிறேன்.

இந்தப் பயணம் எனக்காக மட்டும் அல்ல. என் தம்பி மனைவி செல்வியும் கித்தார் வாங்கப் போகிறாள், அவளுக்கு நான்தான் தேர்ந்தெடுத்துத் தரவேண்டும். அவள் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போகிறவள். கித்தாரைத் தொட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. கைப்பேசியில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவள் ஒதுக்கி வைத்திருந்தது ஐயாயிரம் ரிங்கிட்.

பணத்தைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் பெரியம்மா பேத்திக்குக் கல்யாண வரவேற்பு வருகிறது. எங்கள் குழுவைத்தான் கூப்பிடுவார்கள் என்று நான் பாட்டுப் பட்டியல்கூட எழுதி வைத்திருந்தேன். அவர்கள் செல்வியைக் கேட்டார்கள். "தனியா, மெதுவா, ரெண்டு பாட்டு. அது போதும்" என்றார்களாம். அந்த 'மெதுவா' என்ற சொல் இரண்டு வாரமாக என் காதுக்குள் கிடந்தது. அப்படியென்றால் நாங்கள் என்ன, சட்டியையா தட்டிக்கொண்டிருந்தோம்?

எட்டரை மணிக்கு ஜொகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாயில் செல்வியின் அடுக்குமாடி வாசலில் இறங்கினேன். அவள் காரோடு காத்திருந்தாள்.

"அண்ணி, சாப்ட்டீங்களா? வாங்க, ரொட்டி சானாய் சாப்ட்டுட்டுப் போலாம். கித்தார்க் கடைய பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க."

சாப்பிடும்போதுகூட அவள் இடது கை விரல்கள் மேசை விளிம்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வேலைக்குப் போகும்போதும் அப்படித்தானாம். காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பாலத்தில் பேருந்து நகராமல் நிற்கும்போது முன் இருக்கைக் கம்பியில் விரல் பழகுகிறாள். நான் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பழகிய காலம் நினைவுக்கு வந்தது. அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடை தாமான் செந்தோசா பக்கம், ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் இருந்தது. கடைக்காரர் லிம் அறுபதை நெருங்கியவர். மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து பேசினார். விலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்டார்: எந்த மாதிரிப் பாட்டு வாசிப்பீர்கள், எங்கே வாசிப்பீர்கள்? கித்தார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கடைப்படி ஏறாதீர்கள்.

என் பதில் எனக்குத் தெரியும். நான் அடித்து வாசிக்கிறவள். கல்யாண மண்டபத்தில் ஆட்டப் பாட்டுக்கு வலது கை ஓயாமல் மேலும் கீழும் போகவேண்டும். அதற்குப் பெரிய வயிறு உள்ள கித்தார் தேவை. கழுத்து ஒல்லியாக இருந்தால் கை சீக்கிரம் களைக்காது. முழு மரப் பலகை வேண்டும் என்று ஆசைதான். அது இரண்டாயிரத்துக்குக் குறையாது. ஒட்டுப்பலகை போதும் என்று முடிவு செய்தேன். ஆறு வாசித்துப் பார்த்தேன். எழுநூற்று எண்பது ரிங்கிட்டுக்கு, உள்ளே மைக் வைத்த ஒன்று கையில் உட்கார்ந்தது. கம்பி ஒரு செட் முப்பத்திரண்டு. தோள்பட்டை வார் இருபத்தைந்து. அரை மணி நேரத்தில் என் வேலை முடிந்தது.

பிறகு லிம் செல்விக்காக உள்ளே இருந்து ஒன்றை எடுத்து வந்தார். சின்ன உடம்பு. முன்பலகை செடார் மரம், தேன் நிறம். கழுத்து ஒரு நூலளவு அகலம் கூடுதல். விலை மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது. அடித்து வாசிக்கிறவர்களுக்கு அது ஆகாது. செல்வியோ விரலால் கிள்ளி வாசிக்கிறவள். கட்டைவிரல் தனியாகத் தாளம் பிடிக்கும், மற்ற விரல்கள் பாட்டைச் சொல்லும். அகலமான கழுத்தில்தான் கம்பிகள் ஒன்றோடொன்று இடிக்காது. மெல்லத் தொட்டாலே பேசுகிற மரம் செடார்.

அவள் மடியில் வைத்து ஒரு பழைய மெட்டை வாசித்தாள். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நான் இருபத்தெட்டு வருடமாக வாசிக்கிறேன். என் பக்கம் யாரும் அப்படித் திரும்பியதில்லை.

"எப்பிடி இருக்கு அண்ணி?" என்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சத்தம் பத்தாது செல்வி. மண்டபத்துல முந்நூறு பேரு பேசிக்கிட்டிருப்பாங்க. உனக்கே கேக்காது."

அந்தக் கித்தாருக்குள்ளும் மைக் இருந்தது. ஒலிபெருக்கியில் மாட்டினால் மண்டபம் முழுக்கக் கேட்கும். அதை நான் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய கித்தார் ஒன்றைக் காட்டினேன். முழு மரம், நாலாயிரத்து இருநூறு. அது என் கைக்குச் செய்த மாதிரி இருந்தது. எடுத்து ஒருமுறை ஓங்கி அடித்ததும் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அதை என்னால் வாங்க முடியாது. செல்வி வாங்கினால் குடும்பத்துக்குள் இருக்கும், போகும்போது வரும்போது நானும் தொடலாம் என்றுகூட ஒரு கணக்கு மனதில் ஓடியது.

"காக், பஸ்தி கா?" என்று லிம் என்னைப் பார்த்துக் கேட்டார். நிச்சயமா அக்கா என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். அவர் செல்வியின் விரல்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெரியதற்கு ரசீது எழுதினார்.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணி" என்று செல்வி பணம் கட்டினாள்.

மதியம் பன்னிரண்டே கால். பக்கத்துத் தெருவில் வாழை இலைச் சாப்பாடு, ஆளுக்குப் பதினான்கு ரிங்கிட். சாப்பிட்டு முடித்துக் காருக்கு வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்து புதுக் கித்தாரை எடுத்தாள். கடையில் வாசித்த அதே மெட்டுதான். இரண்டாவது வரியிலேயே விரல் அடுத்த கம்பியில் பட்டுச் செத்த சத்தம் வந்தது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அதே இடம். பெரிய வயிற்றுக்கு மேலே கையைத் தூக்கிப் போட்டு, தோள் கோணிக்கொண்டு, ஐந்தாறு தடவை முயன்றாள்.

"என் விரலு குண்டு அண்ணி. அதான். இன்னும் நல்லா பழகணும்" என்று விரல்நுனியைத் தேய்த்தாள். "மூணு வாரம் இருக்குல்ல. பழகிடுவேன்."

முன் இருக்கையில் நான் என் கித்தாரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம், பாலத்தின் மேல், காலை இருட்டில் அவள் தன் விரல்களைத் திட்டிக்கொண்டு பழகுவாள் என்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்புறம் வரவேற்பில் தடுமாறுவாள். அதைப் பார்க்க நானும் போயிருப்பேன்.

"விரல் இல்ல செல்வி" என்றேன். "கித்தார்தான் உனக்கு ஆகாது. அந்தச் சின்னதுதான் உன்னோடது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? உங்களுக்கு இப்பதான் தெரிஞ்சிச்சா?"

"அப்பவே தெரியும்."

அவள் கித்தார் மேல் இருந்த கையை எடுத்தாள்.

"ஏன் அண்ணி?"

"அதுல நீ வாசிச்சப்ப எனக்குத் தாங்கல. உன்னைக் கேட்டாங்க, எங்களக் கேக்கல. அதுவும் தாங்கல."

"தெரியாம சொல்லியிருந்தா பரவால்ல" என்றாள். குரல் உயரவில்லை. கித்தாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ரசீதைப் பையில் தேடி எடுத்தாள். நானும் கதவைத் திறந்தேன்.

"நீங்க கார்லயே இருங்க அண்ணி. நான் பாத்துக்குறேன்."

நாற்பது நிமிடம் இருந்தேன். உள்ளே அனலாக இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். எதிர்க்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் திருப்பிச் சிரிக்க வரவில்லை. போய் நானும் நாலு வார்த்தை பேசி மாற்றித் தரலாமா என்று இரண்டு தடவை இறங்கினேன். எந்த முகத்தோடு போவது என்று திரும்ப ஏறி உட்கார்ந்தேன்.

செல்வி சின்னப் பெட்டியோடு வந்தாள்.

"மாத்திக் குடுத்துட்டாரா?" என்றேன்.

"ம். ஒண்ணும் கேக்கல. நாம போனதுமே இதோட கம்பியத் தளத்தித் தனியா எடுத்து வச்சிட்டாராம். எப்பிடியும் திரும்பி வருவீங்கன்னு தெரியும்னாரு."

லார்க்கின் பேருந்து நிலையத்துக்கு இருபது நிமிடம். வானொலியில் யாரோ பிறந்தநாள் வாழ்த்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெங்கம் வழியாகப் போகும் குளுவாங் பேருந்து மூன்று மணிக்கு. இறங்கி என் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மன்னிச்சிடு என்று சொன்னேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சநேரம் யோசித்தாள்.

"உங்க தம்பிக்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா ரிசப்ஷனுக்கு நீங்க வரணும் அண்ணி. மொத வரிசையில உக்காந்து முழுசாக் கேக்கணும்."

அது அழைப்பா தண்டனையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. வருகிறேன் என்றேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் குளுவாங் அம்மா ஒருவர். "புதுசா? நல்லா கேக்குமா?" என்று பெட்டியைத் தட்டினார். என் கைக்கு இது சரியாக இருக்கும் என்று சொன்னேன். அது உண்மை. தொள்ளாயிரத்துக்குள் என் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது அந்தக் கடையில் இல்லை. அதை வாங்கிய சந்தோசத்தை மட்டும் நானே கெடுத்துக்கொண்டேன்.

கூலாய் தாண்டியதும் கட்டடங்கள் ஓய்ந்து செம்பனை தொடங்கியது. ஜொகூர் பாருவில் யாருக்கும் என்னைத் தெரியாது. ரெங்கத்தில் கித்தார் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தச் சின்ன ஊரில் முதல் ஆளாக இருந்து பழகியவளுக்கு, ஒரு மாடிக் கடையில் இரண்டு பேர் செல்வி பக்கம் திரும்பியதைப் பொறுக்க முடியவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் பொறாமை போகவில்லை. வரவேற்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. புடவை எடுத்து வைத்துவிட்டேன். முதல் வரிசையில் உட்காருவேன். அவள் நன்றாக வாசிப்பாள், எனக்கு வலிக்கும், எழுந்து போகாமல் கடைசி வரை கேட்பேன்.