கப்பலுக்கு முன் ஒரு ரயில் படி

திண்டுக்கல் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருக்கிறோம். நாளை துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏற வேண்டும். பக்கவாதத்தில் இடது கால் செயலிழந்த என் மனைவி ஜெயந்தி ரயில்வே சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கப்பல்காரர்களிடமும் நாற்காலி கேட்கலாம் என்றால், "வேணாம், நானே ஏறிருவேன்" என்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வண்டி வந்து நிற்கிறது.

"அக்கா, படி ஏறிருவீகளா?" நாற்காலியைத் தள்ளிவந்த போர்ட்டர் கேட்கிறார்.

"ஏறிருவேன்."

முதல் படியிலேயே கால் மடங்குகிறது. அவர் பாய்ந்து தாங்குகிறார்.

"முடியலேன்னு சொல்லிருந்தா தூக்கி விட்டிருப்பேன்லக்கா!"

இருவரும் தூக்கி இருக்கையில் உட்கார வைக்கிறோம். வண்டி நகர்ந்ததும் ஜெயந்தி என் போனை வாங்கிக் கப்பல் அலுவலகத்தை அழைக்கிறாள்.

"என்னால ஒரு படிகூட ஏற முடியாது. கப்பலுக்குள்ள வரைக்கும் வீல்சேர் வேணும்."

பெட்டியே திரும்பிப் பார்க்கிறது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"தர்றாங்களாம்" என்று போனை நீட்டுகிறாள்.