ரப்பர் மரமாக நின்ற அப்பா

எங்கள் அப்பாவுக்குத் தாளம் வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தோட்டமே அறிந்த விஷயம். கோயிலில் எல்லோரும் சேர்ந்து கைதட்டும்போது அப்பாவின் கை மட்டும் கொஞ்சம் பிந்தித் தட்டும். பக்கத்தில் நிற்பவர் யாரது என்று திரும்பிப் பார்ப்பார். அப்பாவும் அவரோடு சேர்ந்து யாரது என்று திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்து மேளக் குழுவில் சேர்ந்து, சுங்கை பட்டாணித் திடலில் போட்டிக்கு இறங்கினார் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

மலாயாவின் கெடாவில், பாலிங் போகும் சாலையை ஒட்டி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போக, அவருடைய பங்களாவில் ஜப்பான் துரை ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். மாரியம்மன் திருவிழாவில் எங்கள் மேளத்தைக் கேட்டவருக்கு அது பிடித்துவிட்டது. அவர்களுடைய ஏதோ ஒரு பண்டிகை வருகிறது, அதற்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாம் மேளம் கொண்டுவந்து போட்டி போட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

எங்கள் மேளத்துக்குத் தலைவர் மாமா, அம்மாவின் தம்பி. உறுமி ஒன்று, தப்பு நாலைந்து, அப்புறம் ஜாலராவோடு நான். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயதிருக்கும். யார் எங்கே நிற்பது, யார் எப்போது நகர்வது என்று மாமா ஸ்டோர் சுவரில் கரித்துண்டால் வரைந்து வைத்திருந்தார். முதலில் உறுமி மட்டும் தனியாக உறும வேண்டும். கூட்டம் அடங்கியதும் அதுவும் நின்றுவிட வேண்டும். ஒரு மூச்சு விடும் நேரம் சத்தமே இருக்காது. அப்போது நான் ஜாலராவை ஒரே ஒரு தடவை தட்டுவேன். அந்த 'டிங்' அடங்குவதற்குள் எல்லாத் தப்பும் ஒன்றாக இறங்கும். அந்த ஒரு 'டிங்'குக்காக நான் சாப்பாட்டையும் மறந்து பழகினேன். மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லாததால் மறப்பதும் சுலபமாகத்தான் இருந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களைக் கணக்கெடுக்கிற அந்த நேரத்தில், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஒரு செய்தி சொன்னார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி மறுபடி வருகிறதாம். ஆனால் மேளக் குழுவில் இருப்பவர்களைப் போட்டி முடிகிற வரையில் தொடக் கூடாது என்று ஜப்பான் துரை சொல்லியிருக்கிறாராம். இதற்கு முன் வந்த லாரியில் பெரியம்மாவின் புருஷன், எங்கள் பெரியப்பா, போயிருந்தார். அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அன்று சாயங்காலமே வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் கோயில் முன்னால் கூடிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொள் என்று மாமாவிடம் கேட்டார்கள். கொஞ்சம் பேர் என்றால் தோட்டத்து ஆம்பளைகள் எல்லோரும் என்று அர்த்தம். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கை தட்டத் தெரியாதவனையெல்லாம் உறுமி பக்கத்துல நிக்க வைக்கச் சொல்றீங்களா? இது மோளமா, அன்னதானமா?" என்றார்.

அம்மாவின் அக்கா, பெரியம்மாதான் பதில் சொன்னாள். "அன்னதானம்னே வச்சுக்க தம்பி. எல்லாருக்கும் எல விழணும்லா."

மாமா விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. கலைஞன் என்றால் கொஞ்சம் கிறுக்கும் இருக்கத்தானே செய்யும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அவரை ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாளே உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். நான் லயத்துக் கடைசி வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

பெரியம்மா தலைவியானாள். அவள் அதுவரை தப்பைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் பால்வெட்டில் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருக்கிறவன் கத்தியைக் கீழே போட்டுவிடுவான், அப்படி ஒரு குரல். முதல் காரியமாக ஸ்டோர் சுவரில் மாமா வரைந்திருந்ததை ஈரத்துணியால் துடைத்தாள். ஆளுக்கொரு மண்ணெண்ணெய்த் தகரம், பால் வாளி, மூங்கில் துண்டு என்று கொடுத்து அடிக்கச் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு தகரம் கிடைத்தது. ஒரே சாயங்காலந்தான். அப்பா அடிக்க அடிக்க மற்றவர்களுக்கும் தாளம் மறந்துபோனது. பெரியம்மா வந்து தகரத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாப்ள, அசையாம நிக்கவாவது தெரியுமா?"

அப்படித்தான் எங்கள் மேளத்தில் மரங்கள் முளைத்தன. தோட்டத்து மேளம் என்றால் தோட்டத்தைக் காட்ட வேண்டாமா என்பது பெரியம்மாவின் வாதம். தாளம் வராத ஆண்கள் எல்லோரும் இரு கையிலும் இலைக் கொப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவர் இடுப்பிலும் பால் வடியும் மங்கு ஒன்று கட்டியிருக்கும். பெண்கள் மேளத்துக்கு ஏற்றபடி ஆடி வந்து மரத்தை வெட்டுவதுபோல் கத்தியைக் காட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த சுற்றில் வந்து மங்கில் இருப்பதை வாளியில் ஊற்றுவார்கள். பாலுக்குப் பதிலாகக் கஞ்சித் தண்ணீர். அதற்காகப் பெரியம்மா வீடு வீடாகப் போய் ஒளித்துவைத்திருந்த அரிசியில் பிடிப்பிடியாக வாங்கி வந்தாள்.

நாளுக்கு நாள் மரங்கள் பெருகின. இருமல்காரத் தாத்தாகூட ஒரு மரம். என்னுடைய 'டிங்' அந்தக் காட்டுக்குள் எங்கேயோ காணாமல் போய்விட்டது. முதல் வெட்டு விழும்போது தட்டிக்கொள் என்று பெரியம்மா தாராளமாக அனுமதி கொடுத்தாள். தகரச் சத்தத்தில் அது என் காதுக்கே கேட்கவில்லை. போதாததற்குப் பக்கத்து வீட்டுப் பையன் தினமும் வந்து, "ஒங்கப்பா இன்னைக்குப் பூத்தாரா?" என்று கேட்டு என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினான்.

போட்டியன்று திடலில் கூட்டம் நெரிந்தது. மாமாவின் குழு எங்களுக்கு முன்னால் இறங்கியது. உறுமி உறுமியது, நின்றது, சத்தமே இல்லை. எனக்காக மாமா செய்து வைத்திருந்த அந்த இடத்தில் யாரோ ஒரு பையன் ஜாலராவைத் தட்டினான். திடலே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருந்தாலும் மாமாவை நினைத்து உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

பிறகு நாங்கள். எங்கள் மரங்கள் எல்லாம் திடலுக்குள் வந்து சேரவே நெடுநேரம் ஆனது. உச்சி வெயில். தகரங்கள் முழங்கின, பெண்கள் ஆடினார்கள், வெட்டினார்கள். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜப்பான் துரையும் சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்து, மரங்களுக்கு நடுவே நடந்து வந்தார். இடுப்பில் வாள் தொங்கியது. சிரிப்பும் தகரச் சத்தமும் ஒவ்வொன்றாக அடங்கின.

அத்தனை மரத்தையும் விட்டுவிட்டு அவர் அப்பா முன்னால் வந்து நின்றார். வாளை உறையோடு தூக்கி, அதன் நுனியால் அப்பாவின் மார்பில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார், பால் வெட்டுவதுபோல. அப்பா அசையவில்லை. துரை குனிந்து மங்கைப் பார்த்தார். காலி. ஒரு சொட்டுக் கஞ்சி இல்லை. முகத்தை மறைத்த கொப்புக்குப் பின்னால் அப்பா அதை எப்போதோ குடித்து முடித்திருந்தார். மீசையில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

பால் எங்கே என்று துரை மலாயில் கேட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

பெரியம்மா முன்னால் வந்தாள். தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், "டாவுன் ஜாத்தோ, துவான்," என்றாள். இலை கொட்டுகிற காலம் துரை, இப்போது பால் வராது என்று அர்த்தம். அது பொய்யுமில்லை. திடலைச் சுற்றியிருந்த ரப்பர் மரங்கள் எல்லாம் அப்போது மொட்டையாகத்தான் நின்றன. "அடுத்த பண்டிகைக்குக் கூப்பிடுங்க, பால் கொட்டும்," என்றும் சேர்த்துச் சொன்னாள்.

துரை அந்த மொட்டை மரங்களைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மீசையில் இருந்த பருக்கையையும் பார்த்திருப்பார். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரித்து முடித்ததும் கிராணியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்: எங்கள் மேளம் போதாது, அடுத்த பண்டிகைக்கு மறுபடி வர வேண்டும், அதுவரை பழகிக்கொண்டே இருக்க வேண்டும், இந்தத் தோட்டத்து மரம் ஒன்றைக்கூட யாரும் பிடுங்கக் கூடாது.

பரிசு மாமாவின் குழுவுக்குத்தான். சிவப்புத் துணியும் தஞ்சோங் டாவாய்க் கடற்கரைக் கருவாடும் கொடுத்தார்கள். துணிக்கு எல்லோரும் ஏங்கிக் கிடந்த காலம் அது. நாங்கள் கடைசி. எங்களுக்குக் கிடைத்தது மறுபடி பழகிவிட்டு வா என்ற தண்டனை. அதற்கும் காரணம் என் சொந்த அப்பா.

ஆனால் திரும்பி வரும்போது எங்கள் ஆட்கள் போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் முன்னால் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்காத அம்மா, நடுச் சாலையில் அவருடைய மீசையைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். பெரியம்மா எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். கொஞ்ச தூரம் பின்தங்கிப் போய், சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, மறுபடியும் சிரித்தாள். தோற்றுப்போனவர்களுக்கு இத்தனை கும்மாளமா என்று எனக்கு அவமானமாக இருந்தது. ஜாலராவைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு யாரோடும் பேசாமல் நடந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா வந்தார். சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால், வேலி ஓரத்தில், ஜெயித்த குழு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அவர்களுடைய போட்டி முடிந்துவிட்டது. இனி லாரி வந்தால் அவர்களைத் தொடக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. மாமா நேராகப் பெரியம்மாவிடம் போனார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கு ஒரு மரம் குடு. இவனுங்களுக்கும்."

பெரியம்மா வேலி ஓரத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு, "அசையாம நிப்பியா?" என்று கேட்டாள். கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பா உள்ளே ஓடிப்போய்த் தன் மங்கைக் கொண்டுவந்து மாமாவின் இடுப்பில் கட்டினார். லயம் முழுக்கச் சிரிப்பும் கூச்சலும். யார் வீட்டு அடுப்பிலோ கருவாடு வாசம் எழுந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கெடாவிலேயே பெரிய உறுமிக்காரர், அத்தனை பேர் எழுந்து நின்று ஆரவாரம் செய்த மனிதர், இடுப்பில் மங்கைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கி நின்று பார்க்கிறார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, ஜெயிச்சவங்க ஏன் மாமா மரமா நிக்கணும் என்று கேட்டேன். அவர் குனிந்து என் கன்னத்தைக் கிள்ளினார்.

"ஒங்க மோளந்தான்டி நல்ல மோளம்," என்றார்.

மாமா பொய் சொல்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. பொய் சொல்கிறவர் கண் ஏன் அப்படிக் கலங்கியிருந்தது என்பதுதான் தெரியவில்லை.