வந்த வழியே திரும்பாத கட்டர்

இரும்புக்குள் போகிற கட்டர் திரும்பி வரவும் வேண்டும் என்பது எனக்கு நாற்பத்தெட்டாவது வயதில்தான் உறைத்தது. அதுவும் இருபது வருடமாக இரும்பைக் கட்டரால் செதுக்கும் மில்லிங் தொழிலில் கிடந்து, காரைக்குடியில் சொந்தப் பட்டறை வைத்து, வாசலில் 'துல்லியம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப்போட்ட பிறகு.

அன்று காலை, புதுவயலில் ரைஸ் மில் நடத்தும் ஆச்சி ஒருவர் விரிசல் விட்ட இரும்புச் சட்டத்தோடு வந்து இறங்கினார். அரிசிக்குப் பாலீஷ் போடும் மெஷினில் சல்லடைத் தகட்டைப் பிடித்து நிற்கும் பாகம் அது. முதுகு வளைவாக இருக்கும். முன்பக்கம் நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளம். வாய் குறுகல், உள்ளே அகலம். தகட்டைச் செருக ஒரு முனை திறந்திருக்கும். அது நழுவாமலிருக்க மறுமுனை மூடியிருக்கும்.

"நாளைக்குக் காளையார்கோவில்ல ஒரு கல்யாணம். அரிசி நம்ம மில்லுலருந்துதான் போகணும். இன்னும் பத்து மூட்டை பாக்கி, மெஷினு நின்னுபோச்சு. சாயங்காலத்துக்குள்ள தந்துருவீகளா?"

"மதியமே வாங்க ஆச்சி."

அதே அளவில் புதுச் சட்டம் ஒன்றை இரும்புக் கட்டியிலிருந்து செதுக்க, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வளைந்த முதுகுக்கு உருண்டை மூக்குக் கட்டரை நீளவாக்கில் ஓட்டுவதா, குறுக்கே ஓட்டுவதா, ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று ஒரு மணி நேரம் ஆராய்ச்சி. மெஷின் மூன்று மணி நேரம் இழைத்தது. யார் கண்ணிலும் படாமல் தவிடு அப்பிக் கிடக்கப்போகிற முதுகு, முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளும் அளவுக்குப் பளபளத்தது.

காடிக்கு நான் ஒதுக்கியது ஒரு நிமிடம். அதற்கு டி-கட்டர், தண்டு ஒல்லி, தலை அகலம். திறந்த முனையில் நுழைந்து உள்ளே குடைந்துகொண்டே மூடிய முனைவரை போகும். போன பிறகு? சாஃப்ட்வேர் தானாகப் போட்டதை அப்படியே விட்டேன்: நேரே மேலே தூக்கு.

கல்லலிலிருந்து வேலைக்கு வரும் எங்கள் ஆபரேட்டர் அம்மா கட்டர் போகப்போகும் வழிக்குத் திரையில் ஓடிய ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கடைசில செவப்பா ஒண்ணு வந்துச்சே?"

"அது சும்மா கலரும்மா."

"இம்புட்டு வேகத்துல ஓட்டுறீகளே, ஒருக்கா மெதுவாப் பாப்பமா?"

"இருபது வருச சர்வீஸும்மா," என்று பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

இருபது வருச சர்வீஸ் காடியின் கடைசிவரை அருமையாகப் போனது. பிறகு, அகலமான தலை குறுகலான வாய்க்கு அடியில் இருக்கும்போதே, மெஷின் சொன்னபடி மேலே தூக்கியது. அதைக் குறை சொல்ல முடியாது; பட்டறையில் நான் சொல்வதைக் கேட்கிற ஒரே ஆள் அதுதான். டமார்! காடியின் உதடு பிளந்து, சட்டம் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. கட்டரின் தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

ஆச்சி அப்போதுதான் உள்ளே வந்தார். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு ஆச்சி," என்றார் ஆபரேட்டர். "வேற ஒண்ணுதான் போடணும்."

"அங்குட்டு ஆறு பேரு மூட்டை மேல உக்காந்து தாயம் வெளாடுறாக. லாரிய எட்டு மணி வரைக்கும்தான் புடிச்சு வைக்க முடியும்."

ஆபரேட்டர் என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த இன்னொரு இரும்புக் கட்டியில் முதுகை இடைவெளி கூட்டி அரை மணி நேரத்தில் முடித்தார். வரி வரியாகத்தான் இருந்தது. பெட்டியில் கிடந்த பழைய டி-கட்டர் கொஞ்சம் சின்னது. அதை ஒரு தரம் இடது சுவரைத் தொட்டும், ஒரு தரம் வலது சுவரைத் தொட்டும் ஓடவிட்டார். இரண்டு தரமும் வந்த வழியே பின்வாங்கி, இரும்பை விட்டு வெளியே வந்த பிறகே மேலே தூக்கவைத்தார். ஒத்திகையை ஆமை வேகத்தில் பார்த்தார். மோதலைக் காட்டும் அந்தச் சிவப்பு வரவில்லை. நான் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினேன். அதில் தவறு எதுவும் நடக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு ஆச்சி, கையோடு கொண்டுவந்திருந்த சல்லடைத் தகட்டைச் செருகிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போய் முனையில் நின்றது. வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் போனில் கூப்பிட்டார். அரிசி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாம். நான் பெருமையாக, "அடுத்த தடவையும் நம்மகிட்டயே வாங்க ஆச்சி," என்றேன்.

"வாரேன். ஆனா அந்தப் பொண்ணு லீவுன்னா முன்னாடியே சொல்லிருங்க. நான் மதுரைக்கே கொண்டு போயிக்கிறேன்."