அந்த வாசலில் கை மட்டும் தட்டுவோம்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. எனக்கு நடந்தது. ஞாயிறுதோறும் சபையில் நின்று வேதம் வாசிக்கிறவள் நான். அதே நாக்கால் பொய் சொல்ல எனக்குப் பயம். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நம்புகிறவர்கள், வீட்டில் யாராவது கூட இருக்கும்போது படியுங்கள்.

என் பெயர் எலினேஸ். மலாவியில், தெட்ஸா மலைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், இருந்தும் ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியில்லாத பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த ஆண்டு இது நடந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்கிறவர்கள் வருவார்கள். வந்து சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். எப்போதும் அதே சுவர்தான். நான் சேர்ந்த ஆண்டு மஞ்சள் அடித்தார்கள். அதன் மேலேயே அடுத்த ஆண்டு நீலம். கூரை ஒழுகுகிறது, அதை யாரும் தொடுவதில்லை. கூரையில் ஏறினால் படத்தில் முகம் சரியாக விழாது போலிருக்கிறது.

அவர்களுக்கென்று வளாகத்தில் ஒரு வீடு உண்டு. கண்ணாடி ஜன்னல், கம்பி, கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். பக்கத்தில் ஒரு வெள்ளை வண்டி. ஆண்டு முழுக்க அது அங்கேயே நிற்கும். சாவி மட்டும் அவர்களோடு விமானம் ஏறிவிடும்.

அந்த ஆண்டு வந்தவர்களுக்கு டங்கன் என்பவர் தலைவர். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். இறக்கி விட்டதும் இடுப்பில் தொங்கும் சின்ன பாட்டிலை எடுத்துக் கைகளைச் சுத்தம் செய்துகொள்வார். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அவருக்காக நான் ஜெபித்தேன். அது என் கடமை. அவரை மதிப்பதும் கடமை என்று வேதத்தில் எங்கும் வாசித்ததில்லை.

அவர்கள் வந்த அன்றைக்கே தியாமிகேவுக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. இரண்டாம் வகுப்புப் பெண். பாட்டு என்றால் உயிர். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் மலேரியா மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. நகரத்து ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் கையில் இருந்தது ஒரு சைக்கிள். டங்கனிடம் போய் நின்றேன்.

“வண்டிய ஒருதரம் குடுத்தீங்கன்னா புள்ளைய ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடுவேன் சார்.”

“மேடம், வண்டி தொண்டு வேலைக்கு மட்டும்தான். அப்படித்தான் விதி.”

“இது என்ன வேலை சார்?”

அவர் சிரித்தார். “நாளைக்குப் பாக்கலாம். இன்னைக்கு வெளிச்சம் நல்லா இருக்கு, சுவர முடிச்சுடணும்.”

நான் திரும்பி வந்து பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

எங்கள் பக்கம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று “ஓடீ” என்று கூப்பிடுவோம். உள்ளே இருப்பவர் “ஓடினி” என்றால் வரலாம். பதில் இல்லையென்றால் மறுபடி கூப்பிடுவோம். அதற்கும் பதில் இல்லையென்றால் வாசலிலேயே உட்கார்ந்து காத்திருப்போம். எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். அந்த விருந்தினர் வீட்டில் மட்டும் இல்லை. அங்கே பிள்ளைகள் கை தட்டுவார்கள். சமையல் செய்யும் அமாயி நாம்பேவேயும் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதான் தட்டுவாள். அமாயி என்றால் எங்கள் மொழியில் அம்மா.

ஒருநாள் அவளிடம் கேட்டேன். “ஏன், ஓடீன்னு கூப்பிட்டா உங்க வாய் தேஞ்சு போயிடுமா?”

“அந்த வாசல்ல கைக்கு வேலை குடுத்தாப் போதும் மேடம். வாய்க்கு வேணாம்.”

வெள்ளைக்காரர்களிடம் உள்ள பயம் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் அல்லவா நான்.

டங்கனுக்கு “ஓடீ” என்ற வார்த்தை பிடித்துவிட்டது. பிள்ளைகள் வாசலில் நின்று “ஓடீ” என்று கூப்பிட, அவர் கதவைத் திறந்து கைகளை விரித்துக்கொண்டு வருவதுபோலப் படம் எடுக்க வேண்டுமாம். பிள்ளைகள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அப்புறம் கூப்பிட்டார்கள்.

“இன்னும் சத்தமா. நான் சொல்ற வரைக்கும் கூப்பிட்டுட்டே இருங்க.”

வெயிலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். உள்ளே அவர் பதில் சொல்லாமல் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து நாம்பேவே கஞ்சி கிண்டும் துடுப்போடு ஓடி வந்தாள்.

“யாரு கூப்பிடச் சொன்னது? போங்க எல்லாரும். போயி முகத்தக் கழுவுங்க.”

“அமாயி, அவர் படம்தான எடுக்கிறாரு,” என்றேன்.

“எடுக்கட்டும். யார் யாரு அதுல விழறாங்கன்னு அப்புறம் எண்ணிப் பாக்கச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலத்திலிருந்து ஆரம்பித்தது.

மறுநாள் காலை பிலிப்பா என்னிடம் வந்தாள். அந்தக் கூட்டத்தில் இளையவள். கொஞ்சம் வெட்கம் மிச்சம் இருந்தவளும் அவள்தான். “மேடம், நேத்து நாங்க சாப்பிடறப்போ ஒரு குழந்தை வாசல்ல ஓடீ ஓடீன்னு கூப்பிட்டுது. டங்கன் உக்காந்த எடத்துல இருந்தே ஓடினின்னு கத்தினார். யாரும் வரல.”

“எழுந்து போய்ப் பாக்கலையா?”

“சாப்பிட்டுட்டிருந்தோம்...”

எங்கள் பிள்ளைகளைக் கேட்டேன். யாரும் போகவில்லை. எல்லோரும் விளக்கு வைத்ததும் விடுதிக்குள் வந்துவிட்டார்கள். கதவைச் சாத்தியதே நான்.

அடுத்த நாள் டங்கனே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. “சாப்பாட்டு நேரத்துல புள்ளைங்கள அனுப்பாதீங்க மேடம். மிட்டாய் தீந்துபோச்சு. உள்ள வந்து நடைய வேற நனைச்சிருக்குதுங்க.”

நான் போய்ப் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு ஈரத்திட்டு. சின்னதாக, ஒரு பிள்ளை உட்கார்ந்து எழுந்த அளவுக்கு. வாசல்படி காய்ந்து கிடந்தது.

அந்த ஆண்டு அதுவரை ஒரு துளி மழை பெய்திருக்கவில்லை.

வண்டியைப் பற்றி மறுபடி கேட்டேன். சுவரில் பிள்ளைகளின் கைகளைப் பதிக்கும் நிகழ்ச்சி பாக்கி இருக்கிறதாம். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். தியாமிகே அதற்குள் தண்ணீரைக்கூட வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்தாள். அவள் பாடி இரண்டு நாளாகிவிட்டது.

அன்று சாயங்காலம் முதல் மழை வந்தது.

தகரக் கூரை மேல் கல்லை வாரிக் கொட்டினாற்போல் மழை. விடுதிக்குள் வாளியும் சட்டியும் வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று தியாமிகேவின் கைகால் வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. பல் கிட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இந்தப் பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளை நாம்பேவே மடியில் போட்டுவிட்டு ஓடினேன்.

விருந்தினர் வீட்டில் வெளிச்சம் இருந்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கை தட்டினேன். மழை அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. மறுபடி தட்டினேன். கை எரிந்ததுதான் மிச்சம்.

வேறு வழியில்லை. வாயைத் திறந்தேன்.

“ஓடீ...”

என் குரலோடு இன்னொரு குரலும் சேர்ந்தது.

மெல்லிய குரல். என் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது. என் பக்கத்தில்.

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

பிள்ளைகள் யாராவது பின்னாலேயே வந்துவிட்டார்களோ என்று திரும்பினேன். மழைதான் இருந்தது.

“ஓடீ...” என்றேன் மறுபடி.

“...டீ...” என்றது.

எதிரொலி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எதிரொலிக்கு இருமல் வருமா?

இருமியது.

என் பாவாடைத் துணியை யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்தது. கீழே பார்க்கவில்லை. கர்த்தருடைய பெயரைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை நான் கூப்பிடவே இல்லை.

அது மட்டும் கூப்பிட்டது.

பாட்டு நின்றது.

பிடி விட்டது.

பிறகு... கதவுக்கு உள்ளேயிருந்து...

“ஓடினி.”

அதே குரல்.

கீழ்த் தாழ்ப்பாள் நகர்ந்தது. கிறீச்.

கொஞ்சம் பொறுத்து, மேல் தாழ்ப்பாள்.

கதவு ஒரு சாண் திறந்தது...

கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. கூடத்தின் அந்தக் கோடியில், மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கரண்டி பாதியில் நின்றிருந்தது. பிலிப்பா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“யார் திறந்தது?” என்றார் டங்கன். நல்ல பல்வரிசை கிடுகிடுவென்று ஆடியது. “தாழ்ப்பாள்... ரெண்டு தாழ்ப்பாளையும் நானே போட்டேன்.”

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. “பொண்ணுக்கு இழுப்பு வந்துடுச்சு சார். இப்பவே போகணும்.”

“இந்த மழையில இருட்டுல வண்டி எடுக்கறது விதிப்படி...”

மேசைக்கு அடியில் யாரோ இருமினார்கள்.

அவர் எழுந்தார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் மழையில் ஓடினார். இரக்கத்தால் ஓடினார் என்று இங்கே எழுத எனக்கு ஆசைதான். அந்த வீட்டில் இன்னொரு நொடி இருக்கப் பயந்து ஓடினார். கர்த்தர் அதையும் வைத்து வேலை வாங்கிக்கொண்டார். பிலிப்பா தன் போர்வையைக் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றிக் கொடுத்தாள். யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. அவர்கள் எங்கள் ஊரில் செய்த ஒரே தொண்டு அதுதான்.

தியாமிகேவை மடியில் கிடத்திக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தேன். வழி முழுக்கச் சேறு. டங்கன் அடிக்கடி மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே ரோட்டைப் பார்த்தார். எனக்குப் பின்கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னல் எல்லாம் ஏற்றியிருந்தது.

பாதி வழியில் பிள்ளையின் இழுப்பு நின்றது. மூச்சு சீரானது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது டங்கன் கேட்டார்.

“மொத்தம் எத்தனை புள்ளைங்கள ஏத்தினீங்க மேடம்?”

“இவ ஒருத்திதான் சார்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. நகரத்திலேயே விடுதி எடுத்துத் தங்கினார். மறுநாளே மற்றவர்களும் பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். நீலச் சுவர் பாதியில் நின்றது. யாருக்கும் வருத்தம் இல்லை.

ஊசி போட்ட டாக்டர், “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கையை விட்டுப் போயிருக்கும்,” என்றார்.

விடிந்து வெகுநேரம் கழித்துத் தியாமிகே கண் விழித்தாள். கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அந்த அக்கா எங்க மேடம்?”

“எந்த அக்கா?”

“வண்டியில வந்தாங்களே. சீட்டுக்குப் பின்னாடி இருந்து கைய நீட்டி என் தலையில வெச்சிருந்தாங்க. ஜில்லுனு இருந்துச்சு. சூடெல்லாம் போயிடுச்சு.”

“கனவு கண்டிருப்ப கண்ணு.”

“இல்ல மேடம்.” அவளுக்குக் கோபமாக வந்தது. “அவங்களுக்கும்தான் உடம்பு சரியில்ல. ஏன் அவங்கள மட்டும் பின்னாடி சாமான் போடற எடத்துல படுக்க வெச்சீங்க?”

அன்று பகல், பெட்டியோடு கிளம்பியவர்களின் வாடகை வண்டியிலேயே நாம்பேவே கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய், பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அவ பேரு ஆலினாஃபே,” என்றாள்.

கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று அந்தப் பெயருக்குப் பொருள்.

“நீங்க வர்றதுக்கு முன்னாடி மேடம். இதே மாதிரி முதல் மழை. காய்ச்சலோட தானே எந்திரிச்சுப் போயி அந்த வாசல்ல கூப்பிட்டிருக்கா. மிட்டாய் கேட்டு வர்ற புள்ளன்னு உள்ள இருந்தவங்க பேசாம இருந்துட்டாங்க. வழக்கப்படி உக்காந்துட்டா. உள்ள இருந்து சொல்லாம எப்படி எந்திரிச்சு வருவா? காலையில நான் தட்டு எடுக்கப் போனப்பதான் பாத்தேன். மழையிலேயே கெடந்தா. அதுக்கப்புறம் அந்த வாசல்ல யாரு கூப்பிட்டாலும் அவளும் சேந்து கூப்பிடுவா. அதான் நாங்க வாயத் தொறக்கிறதில்ல.”

“அந்த வாசல்லயே உயிர் போயிடுச்சா?”

நாம்பேவே என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வண்டி குடுத்தாங்க. ஈரமும் சேறுமா இருக்கா, சீட்டு கெட்டுப்போகும்னு சொல்லி, பின்னாடி சாமான் போடற எடத்துல படுக்க வெச்சாங்க. நானும் கூடப் போனேன். வழி பூரா சீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்னச் சத்தம் கேட்டுட்டே வந்துச்சு. விரலால சுரண்டற மாதிரி. மலை இறங்கினப்புறம் நின்னுடுச்சு.”

அவள் முந்தானைத் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஏத்தினப்போ அவளுக்கு உயிர் இருந்துச்சு மேடம்.”