மூணாவது லயம், கடைசிக் காம்பரா

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். "விடுகிறோம்" என்பது ஒரு மரியாதைக்கு. விடுவது மருமகன், சாவி எடுத்துக் கொடுப்பது நான். போன மாதம் வந்த ஒரு சோடி நக்கிள்ஸ் மலையில் நடந்துவிட்டு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். அந்தப் பெண்பிள்ளையின் கணுக்காலில் ஒரு அட்டை, ரத்தம் குடித்துக் கொழுத்து, சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அலறிய அலறலுக்கு அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் பதில் சொல்லின. நான் போய்ச் சிவப்புச் சவுக்காரத் துண்டு ஒன்றை நனைத்துக் கொண்டுவந்து தடவச் சொன்னேன். அட்டை விழுந்தது. இரண்டு பேரும் என்னைப் பெரிய வைத்தியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை.

பிறகு அந்தப் பையன் கைபேசியை நீட்டி, நடந்த வழியைக் காட்டினான். மடுல்கெல்லப் பக்கமிருந்து ஒரு கோடு தேயிலைக்குள் நெளிந்து ஏறி, கணவாயைத் தாண்டி அங்கால் இறங்குகிறது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு அம்புக்குறி. வழி தவறவே முடியாதாம். தவறினால் கைபேசி கூப்பிட்டுச் சொல்லுமாம். "நல்லது" என்றேன். இந்தச் சாமான் அன்றைக்கு எங்கள் மாமாவின் கையில் இருந்திருந்தால் என் கல்யாணம் நடந்திருக்காது. நடந்திருக்கும், வேறு ஆளோடு.

அந்தச் சவுக்கார மணம் இருக்கிறதே, ஊரில் மற்றவர்களுக்குக் கல்யாணம் என்றால் மல்லிகையும் சந்தனமும் ஞாபகம் வரும். எனக்கு அதுதான் வரும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கணவாயைத் தோட்டத்து ஆட்கள் நாங்கள் "கேப்பு" என்போம். அதற்கு யாரோ ஒரு துரையின் பெயரும் உண்டு. ராசா காலத்திலேயே அங்கால் கிராமத்துச் சனங்கள் மிளகையும் கொறக்காய்ப் புளியையும் மாட்டில் ஏற்றிக்கொண்டு அது வழியாகத்தான் கண்டிக்கு வருவார்களாம். நியாயப்படி மாடுகளின் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். கேப்புக்கு இந்தப் பக்கம் தேயிலை. அந்தப் பக்கம் ஏலக்காய்க் காடு, ஒரு தோட்டம், அதற்குக் கீழே சிங்களக் கிராமங்கள். ஆட்களுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உண்டே தவிர, மூட்டத்துக்கு அதெல்லாம் கிடையாது. நினைத்த நேரம் வந்து உட்கார்ந்துகொள்ளும், எதிரில் நிற்கிற ஆளின் முகம்கூடத் தெரியாது.

அப்போது நான் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். டவுனில் வேலை என்றால் தோட்டத்தில் மாப்பிள்ளைக்கு மவுசு. அப்பா இல்லாததால் எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை அம்மாவும் தாய்மாமனும் எடுத்துக்கொண்டார்கள். மடவளையிலிருந்து துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிற ஒரு வியாபாரி இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் முறை. சீத்தைத் துணி கிழிக்கிற வேகத்தில் சம்பந்தமும் பேசி முடிப்பார். கல்யாணச் சேலையை அவரிடம் எடுத்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டார்.

"கேப்புக்கு அங்கால ஒரு தோட்டம் ஈக்கி. கீழ்க்கணக்கு, மூணாவது லயம், கடைசிக் காம்பரா. புள்ள ஓ-எல் சோதன பாஸ். கண்ண மூடிட்டுப் போகலாம் மகன்" என்றார் நானா.

தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்பது எங்கள் வழக்கம். அந்தத் தோட்டத்தில் கீழ்க்கணக்கு இருந்தது. மேல்கணக்கும் இருந்தது. அதை நானா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

லயம் என்றால் காம்பரா காம்பராவாக, ஒரு அறைக்கு ஒரு குடும்பமாக, ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் ஒரே ஒரு லயத்துக்குத்தான் படம் கீறியிருப்பான் போலிருக்கிறது, மலைநாடு முழுக்க அதையே கட்டிவிட்டான். எங்கே போனாலும் அதே தகரக் கூரை, முன்னால் அதே இஸ்தோப்புத் திண்ணை, லயத்து முனையில் அதே பீலிக் குழாயில் தண்ணீர், மேட்டில் மாரியம்மன். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்த ஆட்கள் பக்கத்து லயத்தில் ஏறி உட்கார்ந்து சோறு கேட்டு, குழம்பு சரியில்லை என்று சண்டையும் போட்டுவிட்டுப் போன கதைகள் எங்கள் தோட்டத்தில் நிறைய.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மாமாவும் நானும் புறப்பட்டோம். அம்மா வாழையிலையில் சுற்றிய பூச்சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். மாமா முன்னால் நடந்தார். இளந்தாரி வயதில் ஏலக்காட்டில் வேலை செய்தவர் என்பதால், வழி அவருக்குத் தெரியும் என்பது குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். கேப்புக்கு ஏறினோமோ இல்லையோ, மூட்டம் வந்து விழுந்தது. கூடவே மழைத் தூறல், தூறலோடு அட்டை. பாதை பிரிகிற இடத்தில் மாமா நின்று மோப்பம் பிடித்தார்.

"இந்தப் பக்கந்தான். ஏல வாசம் வருதுல்ல?"

ஏல வாசம் எல்லாப் பக்கமும் வந்துகொண்டிருந்தது. மாமாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

லயம் வந்தது. மூணாவது லயம், கடைசிக் காம்பரா. இஸ்தோப்பில் ஏறினோம். இனி அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று. கேப்பைத் தாண்டி நனைந்து வருகிறவர்களை யார், எவர், என்ன காரியம் என்று கேட்கவே கூடாது. முதலில் அட்டை எடுக்க வேண்டும், பிறகு தேத்தண்ணி கொடுக்க வேண்டும். குடித்து முடிந்த பிறகுதான் பேச்சு. நல்ல வழக்கம், நான் குறை சொல்லமாட்டேன். எங்களைக் கவிழ்த்தது அதுதான்.

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். ஒரு சிரட்டையில் சிவப்புச் சவுக்காரத்தைக் கரைத்துக் கொண்டுவந்தாள். நான் வீரமாகக் காலிலிருந்து ஒரு அட்டையைப் பிடுங்கப் போனேன்.

"பிச்சு எடுக்காதீங்க, ரத்தம் நிக்காது. சவுக்காரத்தத் தடவுங்க, அதுவா விழும். ஆம்பளைங்களுக்கு எதுக்குமே பொறுமையில்ல" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. மறைப்பானேன்?

தேத்தண்ணி வந்தது. மாமா குரலைச் செருமிக்கொண்டு, "ஓ-எல்ல எத்தன பாடம் பாஸ்?" என்றார்.

"நான் எட்டோட நின்னுட்டேன். ஏலக்கா ஆயிற வேலைக்குப் போறேன்."

"நானா புளுகிட்டான்" என்று மாமா என் காதில் ஊதினார். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டார். அப்பா விறகுக்குப் போயிருப்பதாகவும் அம்மா தவறிவிட்டதாகவும் அவள் சொன்னாள். பெண் பார்க்க வருகிற நாளில் விறகுக்குப் போகிற தகப்பனைப் பற்றி மாமா சற்று யோசித்தார். "வெள்ளந்தியான குடும்பம்" என்று முடிவு செய்தார்.

அம்மாவோ "தவறிட்டாங்க" என்ற சொல்லிலேயே கண் கலங்கிவிட்டாள். "தாயில்லாத புள்ளையா" என்று எழுந்தாள். அந்தப் பெண் திரும்பிக் கோப்பையை எடுத்த நேரம், பூச்சரத்தை அவள் தலையில் வைத்தே விட்டாள். எங்களில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவள் கோப்பையும் கையுமாக அப்படியே நின்றாள். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலையில் விறகுக் கட்டோடு அவளுடைய அப்பா வந்து ஏறினார்.

"யாருங்க நீங்க?"

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க" என்றார் மாமா, சற்று மிடுக்காக.

"யாருக்கு?"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. இது மேல்கணக்கு. நாங்கள் போக வேண்டிய வீடு கீழ்க்கணக்கில், அதே மூணாவது லயத்தில், அதே கடைசிக் காம்பராவில், கேசரியோடு காத்திருக்கிறது. மாமாவின் முகம் செத்துவிட்டது. "சரி, பூவ எடுத்துருவோம்" என்றார். "வச்ச பூவ எடுக்கறதா? ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!" என்று அம்மா பாய்ந்தாள். இந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு குரல், "எனக்கு இவங்களத்தான் புடிச்சிருக்கு" என்றது. யார் என்று பார்த்தால், நான்.

"எம் பொண்ணுக்குப் புடிச்சிருக்கான்னு யாரும் கேக்கலியே" என்றார் அவளுடைய அப்பா, விறகை இறக்காமலே.

அவள் தலையிலிருந்து பூவைத் தானே எடுத்தாள். இலையில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தாள். "இது அந்தப் பொண்ணுக்குக் கொண்டு வந்தது. விடிஞ்சதுலேருந்து சேலையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், பாவம். மொதல்ல அங்க போங்க" என்றாள். என்னைப் பார்க்கவேயில்லை. இனி இவளை ஆயுளுக்கும் பார்க்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கீழ்க்கணக்குக்கு இறங்கினோம். நடந்ததை மாமா எப்படியெப்படியோ பூசி மெழுகப் பார்த்தார். நான் குறுக்கே விழுந்து, மனது மேலே நின்றுவிட்டது என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் அப்பா திட்டிய திட்டில் மூட்டமே கலைந்தது. கேசரி கிடைக்கவில்லை. அந்தப் பெண் பிறகு படித்து, டீச்சராகி, திகனையில் குடியிருக்கிறார். டவுனில் கண்டால் நின்று பேசுவார். அன்றைக்கு எப்படியாவது மாப்பிள்ளை வராமல் போக வேண்டும் என்று உள்ளே உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். இதை முன்னமே சொல்லியிருந்தால் அத்தனை திட்டு மிச்சம்.

அடுத்த ஞாயிறு நான் தனியாகப் போனேன். மாமா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். அம்மா, "போறதுன்னா நீயா போ, எனக்கு இனித் திட்டு வாங்கத் தெம்பில்ல" என்றாள். அன்றைக்குத் துளி மூட்டம் இல்லை. பாதை பிரிகிற இடத்தில் நின்றால் இரண்டு கணக்கும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு சாக்குச் சொல்லக்கூட வழியில்லை. மேலே ஏறினேன்.

அவளுடைய அப்பா இஸ்தோப்பில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அட்டை எடுக்கவில்லை, தேத்தண்ணி இல்லை, எடுத்த எடுப்பிலேயே, "யாருங்க நீங்க?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை.

"போன வாரம் வழி தவறி வந்தோம். இன்னைக்கு வழி தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

அவர் கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்டினார். எவ்வளவு நேரம் தீட்டினாரோ. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, அவரு தேத்தண்ணி குடிக்கட்டும். பொறகு கேளுங்க."

அதுதான் சிவகாமி எனக்குச் சொன்ன சம்மதம். இத்தனை வருசத்தில் வேறு சம்மதம் எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை. கல்யாணச் சேலையை நானாவிடம்தான் எடுத்தோம். "நான் சொன்ன தோட்டந்தானே, சொன்ன லயந்தானே!" என்று சம்பந்தம் பேசிய பெருமையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் போன பிறகு சிவகாமி, "அந்தப் பக்கம் ஒரு தடவ போயிட்டு வருவமா? முட்டி இதவிட மோசமாகறதுக்குள்ள" என்றாள். போன ஞாயிறு வேன் பிடித்து, போகக்கூடிய தூரம் போய், மிச்சத்தை மெல்ல நடந்தோம். காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏலக்காய் பயிரிடுவதை நிறுத்தி வருசக் கணக்காகிறது. வேலை நின்றதும் சனம் இறங்கிவிட்டது, மடுல்கெல்லைக்கு, திகனைக்கு, கொழும்புக்கு. அவளுடைய அப்பாவும் எங்களோடு கண்டிக்கு வந்து, எங்கள் வீட்டில்தான் கண்ணை மூடினார். மேல்கணக்கில் இப்போது ஒரு கூரை இல்லை, ஒரு சுவர் இல்லை. மானாப்புல்லுக்குள் அத்திவாரக் கற்கள் மட்டும் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன.

சிவகாமி ஒரு வரிசையோடு நடந்தாள். திரும்பி வந்து இன்னொரு வரிசையோடு நடந்தாள். எங்கள் மாமா வழி தவறியதை இத்தனை காலம் கிண்டல் செய்தவள், பிறந்து வளர்ந்த வீடு எதுவென்று தெரியாமல் புல்லுக்குள் நின்றாள். பிறகு ஒரு கல்லைக் காலால் தட்டிப் பார்த்து, "இதுதான். இல்ல? இதுதான்னு வச்சுக்குவம்" என்று சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அது ரெண்டாவது லயம். அவளுடைய வீடு அதற்கு மேலே, அடுத்த வரிசையில் கடைசி. எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் வழிகாட்டாமல், மூட்டமும் இல்லாமல், நானாகத் தேடிப் போய் ஏறிய வீடு அல்லவா.

"இதேதான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.