சாம்பிள் பார்த்த வாய்

ஆரியசாலையில் எனக்கு அண்டிப்பருப்பு மொத்தக் கடை. நீங்கள் முந்திரி என்பீர்கள். சர்க்கரை ஏறியதால், எடை குறையாவிட்டால் தினமும் ஊசிதான் என்றார் டாக்டர். ஊசியைக் கண்டால் எனக்கு உயிர் பாதி போய்விடும். அன்றே ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். விடிந்ததும் கிழக்கேகோட்டை வரை நடை. மளமளவென்று இறங்கிய எடை, பிறகு ஒரு மாதமாக அசையவில்லை. கடைத் தராசை நம்பாமல் பக்கத்துக் கடைத் தராசிலும் ஏறினேன். அதுவும் அதையே சொன்னது. வயிற்றில் கட்டி வளர்கிறது என்று முடிவு கட்டி, மனதுக்குள் என் பதினாறாம் நாளுக்குப் பந்தியும் போட்டுவிட்டேன்.

ஸ்கேனுக்குக் கூட்டிப்போக மனைவி கடைக்கு வந்தபோது, புதுமூட்டை ஒன்றைப் பிரித்துப் பருப்பை மென்றுகொண்டிருந்தேன்.

“வாயில என்னவாக்கும்?”

“சாம்பிள். வந்த லோடு மொத்தமும் பாக்கணும்லா.”

“எல்லா மூட்டையிலயுமா?”

தலையாட்டினேன்.

“அப்ப உள்ள வளருறது கட்டி இல்ல. அண்டிப்பருப்பாக்கும்.”

இத்தனை வருஷமும் அதைத் தொழில் என்றே நினைத்திருந்தேன். தின்பதாகத் தோன்றியதே இல்லை. ஆனாலும் பயந்துபோய் ஸ்கேன் எடுத்தேன். ஒன்றுமில்லை.

இப்போது சாம்பிள் பார்ப்பது மனைவி. எடை மறுபடி இறங்குகிறது. தராசில் ஏறும்போதெல்லாம் பக்கத்துக் கடைத் தராசுக்கும் ஓடிப் பார்க்கிறேன்: இவ்வளவு வேகமாக ஏன் இறங்குகிறது?